நாரைக் கொடியும் கார்போக அரிசியும்

வற்றாத பொருநையின் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் கிழக்கு நோக்கி நின்று சொல்லுகிறேன்: இனி வரும் கதையில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. வாசகப் பெருமக்களில் எவருக்கேனும் இடையே ஐயம் எழுமானால், அது அவரவர் மனத்தின் குறையே அன்றிக் கதையின் குறை ஆகாது.

மேற்கு மலைகளின் மழையை எல்லாம் ஒரு துளி சிந்தாமல் வாங்கிக்கொண்டு, இரு கரைகளையும் முட்டியபடி, தாமிரத்தை உருக்கி வார்த்தது போல் ஓடிக்கொண்டிருந்தது பொருநை. கதிரவன் சிகரங்களுக்குப் பின்னே இறங்கிவிட்டான். கீழ்த்திசையில் முழுமதி எழுந்து மருத மரங்களின் உச்சியில் சற்றே தங்கி, நீரில் தன் முகம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. ஆற்றின் இரு மருங்கிலும் கண்ணுக்கு எட்டிய வரை கார் நெல் பால் பிடித்துத் தலை சாய்ந்து நின்றது.

அந்தச் சீமையில் ஆண்டுக்கு இரண்டு போகம். முதலில் விளைவது கார். அடுத்து விளைவது பிசானம். பொருநைக் கரையில் பிறந்த குழந்தை, அம்மா என்ற சொல்லுக்கு அடுத்தபடியாக வாய் திறந்து சொல்லுவது இவ்விரண்டு சொற்களைத்தான். வாசகர்கள் இதைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு வீரனின் மானம் இதில் வந்து சிக்கப் போகிறது.

அவ்வீரன் அப்போது வாழைத்தண்டுத் தெப்பம் ஒன்றில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் மருந்துப் பை, கழுத்தில் உருத்திராக்கம். வடகரைக் கோட்டைக்குச் செல்லும் வைத்தியன் என்றே யாரும் எண்ணுவார்கள். உண்மையில் அவன் தென்கரைத் தலைவர் கடம்பத்தேவரின் கொடிக்காரன், குன்றநம்பி. ஆனால் அந்தப் பெயரை இப்போது யாரும் சொல்லுவதில்லை. ‘நாற்பது வேல் கண்டான்’ என்ற பட்டப் பெயரால்தான் அவனை அழைத்தார்கள். அழைக்கும் ஒவ்வொரு முறையும் அவன் தலையைத் தொங்கப்போட்டான். ஊரார் அதை அடக்கம் என்று எண்ணி இன்னும் உரக்க அழைத்தார்கள்.

நடந்தது இதுதான். சென்ற மாதம் இரு கரையாரும் வடகரை வயல்வெளியில் மோதிக்கொண்டபோது, செம்பட்டில் வெள்ளை நாரை பொறித்த தென்கரைக் கொடியைச் சுமந்து சென்றவன் குன்றநம்பி. போர் முரசு முழங்கியதும் அவன் கால்கள் அவனைக் கேளாமலே வேறொரு முடிவுக்கு வந்தன. கார்ப் பயிருக்குள் புகுந்து ஓடினான். ஓடிய வேகத்தில் வரப்போரத்து உடைமரம் ஒன்று தன் முட்களால் கொடியையும் அவன் குடுமியையும் ஒருசேரப் பற்றிக்கொண்டது. கொடியை அதனிடமே விட்டுவிட்டுக் குடுமியை மட்டும் மீட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்தான். தலைவர் முன் நின்றபோது அவன் வாய் தானாகத் திறந்து, “நாற்பது வேல்கள் சூழ்ந்துகொண்டன, பிரபு” என்றது.

தண்டனை கிடைக்கும் என்று நினைத்தான், பொன்மாலை கிடைத்தது. பாணர்கள் பாடினார்கள். நாற்பது வேல்களையும் தனித்தனியே வருணித்தார்கள். கடம்பத்தேவர் கண்ணீர் மல்க அவனைத் தழுவி, “இத்தகைய வீரன் அந்தக் கொடியை, புது நெல் அறுத்துப் பொங்கும் புதிர்ப் பொங்கலுக்கு முன் தானே மீட்டு வருவான்” என்று சபையில் அறிவித்துவிட்டார். கொடியில் இருப்பதோ முள் கிழித்த கிழிசல். அறிந்தவன் ஒருவன் அதை விரித்துப் பார்த்தால் போதும், பிறகு குன்றநம்பி எந்தக் கரையிலும் தலை காட்ட முடியாது. ஆகவேதான் வந்தான்.

வடகரைக் கோட்டைக்குள் அந்நாளில் வைத்தியர்களுக்கு மட்டும் தடை இல்லை. ஏன் என்று கேட்பதற்குத்தான் தடை இருந்தது.

“நில்லும்வே. யாரு நீரு?” என்றான் வாயில் காவலன் மாசானம்.

“மலையடிவாரத்து வைத்தியன்.”

“உள்ள போலாம். யாருக்கு நோவுன்னு மட்டும் கேக்கப்படாது. கேட்டா நாக்கு இருக்காது.”

“யாருக்கு என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். ஆனா தெரியாது” என்ற காவலன், பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் வேலைச் சுவரில் சாய்த்தான். “வைத்தியரே, இந்தத் தோள்ல ஒரு தழும்பு இருக்கு, பாத்துச் சொல்லும். குளிர் வந்தா குடையுது. அந்த நாற்பது வேல் கண்டான் வாள் பட்டது.”

குன்றநம்பியின் தோளிலிருந்த பை நழுவியது. “யார் வாள்?”

“பாட்டு ஆத்தைத் தாண்டி இங்கயும் வந்துட்டுல்லா? அந்த நாற்பது வேல்ல பத்தொன்பதாவது வேல் நானாக்கும். மகராசா கையால வெள்ளிக் காப்பு வாங்கியிருக்கேன். எதிரின்னாலும் சொல்லணும்வே, அந்தப் பய மலை மாதிரி நின்னான்.”

“நின்றானா?”

“அசையலையே.”

நாற்பது பேருக்குக் காப்பு கொடுப்பதாக வடகரைத் தலைவர் அறிவித்தபோது, தாமே அந்த வேல் என்று சொல்லிக்கொண்டு அதற்கு மேலும் பலர் வந்தார்களாம். கடைசியில் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்றாம். மாசானம் இதைச் சொல்லிச் சிரித்தான். தன் பொய் தனக்கு முன்னால் ஆற்றைக் கடந்து வந்து, வேலையும் தேடிக்கொண்டு, காப்பும் அணிந்து நிற்பதைக் கண்ட குன்றநம்பி, அத்தழும்பைத் தடவிப் பார்த்து, “நல்லெண்ணெய் தேயும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அத்தழும்பு மாடு முட்டியது என்பது வைத்தியம் தெரியாதவனுக்கும் தெரிந்திருக்கும்.

அந்தப்புரத்தில் விளக்கேற்றும் நேரம். திரைக்கு அப்பால் வடகரைத் தலைவர் வேம்பத்தேவரின் ஒரே மகள் ஏழிசைவல்லி அமர்ந்திருந்தாள். ஓராண்டாக வைத்தியர்களைத் தவிர அவள் முகத்தை வெளியார் யாரும் கண்டதில்லை. அவளைக் கண்டால் தான் நாணிப்போவதாக நிலவு வந்து முறையிட்டதால்தான் அவள் முக்காடு இட்டுக்கொண்டாள் என்று வடகரைப் பாணர்கள் பாடினார்கள். அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள் என்பதை அவர்கள் கவனித்ததில்லை.

திரைக்கு இப்பால் தோழி பேராச்சி இடுப்பில் கை வைத்து நின்றாள். “உக்காரும் வைத்தியரே. முன்னால வந்தவரு கண்ணை மூடிக்கிட்டே நாடி பாத்தாரு. நீராவது கண்ணைத் திறந்துகிட்டு இரும்.”

திரைக்குப் பின்னிருந்து, யாழின் கடைசி நரம்பைத் தொட்டது போன்ற குரல் வந்தது. “வைத்தியரே, மருந்து இன்னதென்று நாம் முன்பே அறிவோம். அது குறைந்துவிட்டது, அவ்வளவே. உம்மிடம் கார்போக அரிசி இருக்கிறதா?”

வாசகப் பெருமக்களே, அன்று காலையிலிருந்து குன்றநம்பி பயந்துகொண்டிருந்தது ஒன்றுக்குத்தான்: வைத்திய சாத்திரத்தில் ஏதாவது கேட்டுவிடுவார்களே என்று. கேட்டதோ கார் போகத்து அரிசி. அவன் நெஞ்சில் அடைத்திருந்த பாறை உருண்டு விழுந்தது. அவன் முகம் மலர்ந்தது.

“அதற்கென்ன, தேவி. எங்கள் பக்கத்தில் குதிர் குதிராக இருக்கிறது. பச்சரிசியாக வேண்டுமா, புழுங்கலா?”

பேராச்சியின் கை இடுப்பிலிருந்து வாய்க்குப் போயிற்று.

“எது நலம் என்று நினைக்கிறீர்?” என்றது குரல்.

“புழுங்கல்தான். வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் மோர் விட்டு, ஒரு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் உடம்புச் சூடு இறங்கும். ஆனால் தேவியார் கேட்டதால் சொல்லுகிறேன், சுவைக்குப் பிசான அரிசிதான் ஒரு படி மேல்.”

“மேலுக்குப் பூசுவது உண்டோ?”

குன்றநம்பி சற்று யோசித்தான். “எங்கள் வீட்டுக் குழந்தைகள் பூசிக்கொள்ளும். பெரியவர்கள் அவ்வளவாக இல்லை.”

பேராச்சி தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். ஆனால் ஏழிசைவல்லி சிரிக்கவில்லை. “நல்லது. இன்று விருந்தினர் அறையில் தங்கும். காலையில் வெயில் ஏறியதும் மேல்மாடத்துக்கு வாரும்” என்றாள். அறை வாசலில் நின்ற வாளேந்திய இருவரையும் மரியாதை என்றே எண்ணிக்கொண்டு குன்றநம்பி நன்றாகத் தூங்கினான்.

மேல்மாடத்தில் காலை வெயில் மஞ்சள் அரைத்துக் கரைத்தது போல் பரவியிருந்தது. கீழே பொருநையின் பெருக்கும், அதற்கப்பால் தென்கரையின் தோப்புகளும் தெரிந்தன. இவற்றில் எதையும் குன்றநம்பி பார்க்கவில்லை. மாடத்தின் நடுவே ஒரு செம்பட்டு விரிந்து கிடந்தது. அதில் ஒரு வெள்ளை நாரை. நாரையின் மேல், கழுத்திலிருந்து கால் வரை, எள்ளைவிடச் சற்றே பெரிய கறுத்த விதைகள் காய்ந்துகொண்டிருந்தன. முன்னோர் மூன்று தலைமுறையாகப் போர்க்களத்தில் தூக்கிச் சென்ற கொடியில், பேராச்சி குந்தி உட்கார்ந்து பதர் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்து கொடியின் ஓரத்தைத் தொட்டான்.

“இதுதான் கார்போக அரிசி” என்றாள் முக்காடிட்டு நின்ற ஏழிசைவல்லி. “அரிசி என்பது பெயரில் மட்டும். வைத்தியர்கள் விதையை அரிசி என்பார்கள். வரப்போரத்தில் ஊதாப் பூப் பூத்து நிற்கும் செடி. இதன் விதையை அரைத்துப் பூசி இளவெயிலில் இருக்க வேண்டும். உண்ணும் அரிசியோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடியவர் இந்த ஆற்றங்கரையில் பிறந்து, மருந்துப் பையைக் கையால் தொட்டறியாத ஒருவராகத்தான் இருக்க முடியும். இருக்கட்டும். உம்முடைய பிள்ளை குட்டிகள் நலமா?”

“எனக்கு இன்னும் மணமாகவில்லை, தேவி.”

“உடைமரத்திடம் வேறு விதமாகச் சொன்னீரே.”

குன்றநம்பியின் உடம்பிலிருந்த இரத்தம் முழுவதும் முகத்துக்கு வந்தது. பிறகு முழுவதும் இறங்கிப் போனது.

“‘ஐயா, குடுமியை விட்டுவிடும், நான் பிள்ளை குட்டிக்காரன், கொடியை வைத்துக்கொள்ளும்’ என்றீர். திரும்பிப் பாராமலே கும்பிட்டீர். மரம் பதில் சொல்லாததால் மறுபடியும் சொன்னீர்.”

“தேவி எங்கிருந்து...”

“மரத்துக்குப் பின்னால். விதை உருவிக்கொண்டிருந்தேன். போர் நாளில்தான் வயலில் ஆள் இருக்க மாட்டார்கள் என்று எண்ணி வந்தேன். நீர் வருவீர் என்று எதிர்பார்க்கவில்லை.”

சபை மொழி அவனை விட்டு அகன்றது. “கொன்னுபோட்டிருங்க, தாயி” என்றான் தரையைப் பார்த்தபடி. “பாட்டு கேட்டுக் கேட்டுச் சாகிறதை விட இது மேல். ஒரே ஒரு வேண்டுதல். கொடியை ஆத்துல விட்டிருங்க. யாரும் பாக்காண்டாம்.”

“யாரிடமும் நான் சொல்லவில்லை. என் தந்தையிடம் கூட.”

“ஏன்?”

ஏழிசைவல்லி ஆற்றைப் பார்த்தாள். “சொன்னால், அங்கே நீ எதற்குப் போனாய் என்று கேட்பார்கள்” என்றாள். பிறகு, ஓராண்டுக் காலம் வைத்தியர் அல்லாத எந்த ஆடவன் முன்னும் செய்யாததைச் செய்தாள். முக்காட்டை விலக்கினாள்.

இவ்விடத்தில் அவள் விழிகளையும் புருவங்களையும் வருணிப்பதற்கு நூறு உவமைகள் கைகட்டி நிற்கின்றன. அவை நிற்கட்டும். அவளுடைய வலக் கன்னத்தின் கீழே, மாந்தளிர் நிற மேனியில், வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. அவன் கண்களையே அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். அவை எந்தப் பக்கம் ஓடும் என்பதை அவள் அறிவாள்; வந்த வைத்தியர் அனைவருடைய கண்களும் ஓடியிருக்கின்றன. ஒருவர் அப்படி ஒன்றும் இல்லவே இல்லை என்று சாதித்தார்.

“என்ன தெரிகிறது?” என்றாள். குரல் கட்டளையாகத்தான் வந்தது. கை மட்டும் முக்காட்டின் நுனியை விடவில்லை.

போர்க்களத்தில் ஓடிய குன்றநம்பி அங்கே ஓடவில்லை. பொய்யால் பட்ட பாடு போதும் என்றிருந்தது அவனுக்கு. நன்றாகப் பார்த்தான். “வெள்ளையாக ஒரு திட்டு. புளியங்கொட்டை அளவு இருக்கும். நடுவில் கறுப்பாகச் சில புள்ளிகள். இந்த விதைகள் ஒட்டிக்கொண்டது போல.”

“ஒட்டவில்லை. நிறம் திரும்புகிறது” என்றாள். முக்காட்டின் நுனியைக் கைவிட்டாள். “அளவு சொன்னவர் நீர் ஒருவர்தான்.”

பேராச்சி பொறுக்குவதை நிறுத்திவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஏழிசைவல்லி அருகிலிருந்த கெண்டியைச் சாய்த்து, பொருநையின் தண்ணீரை அவன் கையில் வார்த்தாள். தன் கையிலும் வார்த்துக்கொண்டாள். அந்த மரத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லுவதில்லை. இந்த முகத்தைப் பற்றியும், அந்த விதை யாருக்கு மருந்து என்பதைப் பற்றியும், உயிரே போவதானாலும் அவன் சொல்லுவதில்லை. ஆறு சாட்சி. இருவர் கையிலிருந்தும் நீர் ஒழுகி நாரையின் மேல் சொட்டியது.

அப்போது படிக்கட்டில் கனத்த காலடி கேட்டது. முக்காடு இறங்கியது. வேம்பத்தேவர் மூச்சு வாங்கியபடி மாடத்துக்கு வந்தார்.

“வைத்தியரே, என் மகளுக்கு ஒரு நோயும் இல்லை அல்லவா?”

“நான் கண்டவரையில் இல்லை, பிரபு” என்றான் குன்றநம்பி. அதை அவன் மெய்யாகவே நம்பிச் சொன்னான்.

தலைவர் மகிழ்ந்தார். கொடியின் ஓரத்தைப் பற்றித் தூக்கினார், விதைகள் சரிந்தன. “இதோ பாரும் துளைகளை. எம் வீரர் நாற்பது பேரின் வேல்கள். புதிர்ப் பொங்கலன்று இதைக் கோட்டை வாயிலில் தலைகீழாகத் தொங்கவிடப் போகிறேன். இரு கரைப் பாணர்களும் வந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்துப் பாடட்டும்.”

குன்றநம்பி ஏழிசைவல்லியின் பக்கம் திரும்பினான்.

“அப்பா, வெயிலில் நின்று அதைத் தொடாதீர்கள்” என்றாள் ஏழிசைவல்லி, தயிர் புளித்துவிட்டது என்று சொல்லும் குரலில். “விதையின் சாறு பட்டில் ஊறியிருக்கிறது. மிகுதியாகப் பட்டால் கொப்புளம் கிளம்பும். பிறகு திட்டுத் திட்டாக நிறம் மாறும்.”

வேம்பத்தேவர் கொடியைக் கீழே போட்டார். போட்டது போதாது என்று இரண்டடி பின்வாங்கினார். “அப்படியா வைத்தியரே?”

“இந்த விதையைப் பற்றித் தேவியார் அறிந்ததற்கு மேல் அடியேன் ஒன்றும் அறியேன்.”

“அப்படியென்றால் நீரே இதை எடுத்துப்போய் ஆற்றில் விட்டுவிடும். துளை போனால் போகட்டும், நாற்பது பேரும் உயிரோடு இருக்கிறார்களே” என்று சொல்லியபடி தலைவர் கையைத் தம் வேட்டியில் துடைத்துக்கொண்டே படியிறங்கினார்.

பேராச்சி விதைகளை முறத்தில் வாரினாள். ஒரு பிடியை மட்டும் ஏழிசைவல்லி நிறுத்தி, கொடியின் முனையில் வைத்து, தன் கையாலேயே முடிச்சிட்டாள்.

“அடுத்த முறை வரும்போது இதைப் பார்த்து, இதே போன்றதைக் கொண்டு வாரும்.”

“வருவேன், தேவி.”

“மோரும் வெங்காயமும் வேண்டியதில்லை.”

கோட்டை வாயிலில் மாசானம் மூட்டையைக் காட்டி, “என்னவே அது?” என்றான்.

“நோயாளியின் துணி. தொட்டால் கொப்புளிக்கும்.”

பத்தொன்பதாவது வேல் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டது.

தென்கரையில் அன்று நடந்த ஆரவாரத்தை எழுதினால் ஏடு தாங்காது. கடம்பத்தேவர் கொடியை விரித்துக் கிழிசல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாணர்கள் எண்ணினார்கள், நாற்பதுக்குக் குறைவாக வந்ததால், ஒரே துளையில் இரண்டு வேல்கள் புகுந்ததாக முடிவு செய்தார்கள். குன்றநம்பி தலை குனிந்து நின்றான். கூட்டம் அந்த அடக்கத்தைக் கண்டு கண்ணீர் விட்டது. அப்போது தலைவர் முனையிலிருந்த முடிச்சை அவிழ்த்தார்.

“இது என்ன?”

குன்றநம்பி நிமிர்ந்தான். “கார்போக அரிசி” என்று உண்மை அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

தலைவர் நெகிழ்ந்து போனார். அவரும் பொருநைக் கரையில் பிறந்தவர்தாமே. “எதிரியின் கோட்டைக்குள் நின்றபோதும் நம் கார் போகத்து நெல்லை நெஞ்சில் நினைத்து முடிந்து வந்தாயா? கொஞ்சம் கறுத்திருக்கிறது.”

“வெயில், பிரபு.”

“புதிர்ப் பொங்கலில் இதைப் போடுங்கள். சபையார் அனைவரும் உண்ணட்டும்.”

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிடியைக் காப்பாற்றியிருக்கலாம். அது விதை, மருந்து, உண்பதற்கன்று என்று சொன்னால், யாருக்கு மருந்து என்ற கேள்வி வரும். ஆகவே புதிர்ப் பொங்கலன்று, அவள் கை இட்ட முடிச்சு, அவன் கண் முன்னே பானைக்குள் கொட்டப்பட்டது. இலை போட்டார்கள். முதல் கவளத்திலேயே சபையாரின் முகங்கள் கோணின. அமைச்சர் தூணுக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்தார். தலைவரே தண்ணீர் கேட்டார். குன்றநம்பி ஒருவன் மட்டும் அந்தக் கசப்பை, ஒரு பருக்கை விடாமல், முகம் சுளிக்காமல், இலையை வழித்து உண்டான்.

“கசக்கவில்லையா?” என்றார் கடம்பத்தேவர்.

“இல்லை, பிரபு.”

அவன் சொன்ன பொய்களிலேயே, சொல்லும்போது அவன் தலை குனியாத பொய் அது ஒன்றுதான். நாவின் கசப்பு ஆறுவதற்குள் அவன் ஆற்றங்கரைக்கு வந்து, இரு கைகளாலும் பொருநையின் வெள்ளத்தை அள்ளி, அடுத்த போகத்துக்குள் ஒரு மூட்டை நிறைய மெய்யான விதையோடு அந்த மாடத்தில் போய் நிற்பதாக, அந்த முகத்தை மீண்டும் பார்த்து அதன் அளவை உள்ளபடி சொல்லுவதாக, அக்கரை கேட்கும்படி ஆணையிட்டான்.

இத்தனையும் மெய்யே, வாசகப் பெருமக்களே; ஆனால் இக்கதை நடந்த அந்த ஆண்டு மழை பொய்த்துவிட்டதால், பொருநையில் கை நனைக்கக்கூடத் தண்ணீர் ஓடவில்லை. இரு கரையிலும் கார் போகம் விதைக்கப்படவும் இல்லை.